சாரல் ஊரில் இருந்துகொண்டு பாய்மரப் பந்தயம் பார்ப்பது எப்படி?

ஆனி பிறந்துவிட்டால் வீரகேரளம்புதூரில் காற்றுக்கு ஓய்வு கிடையாது. செங்கோட்டைக் கணவாய் வழியாக மலை தாண்டி வரும் மேல்காற்று, மாடியில் காயப்போட்ட வேட்டியைப் பிடுங்கிக்கொண்டு போகும். பேசிக்கொண்டிருக்கும்போதே சாரல் வந்து முகத்தில் தெளித்துவிட்டு நகரும். குளத்தில் தண்ணீர் கிடக்கிற வருஷமாக இருந்தால், அந்த நாட்களில் ஒரு நாள் கரையில் போய் உட்காருங்கள். ஒரு வீச்சு உங்கள் மேல் படுவதற்கு முன்பே அது தண்ணீரில் தெரியும். வெள்ளித் தகடுபோலக் கிடந்த பரப்பில் ஒரு திட்டு மட்டும் கறுக்கும். பொடிப்பொடி நெளிவுகளாக அந்தக் கறுப்பு உங்களை நோக்கி ஊர்ந்து வரும். நாலைந்து எண்ணுவதற்குள் சட்டை படபடக்கும்.

உலகத்தின் மிகச் சிறந்த படகோட்டிகள் நாள் முழுக்கச் செய்கிற வேலை இதுதான். அடுத்த கறுப்புத் திட்டு எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது, எதிராளிக்கு முன்னால் நான் அதற்குள் போய்விட முடியுமா என்று கண்ணைத் தண்ணீரிலேயே வைத்திருப்பார்கள். கடல் எட்டாத ஊரில் இருந்தாலும் காற்றோடு வளர்ந்தவர்கள் நாம். பாய்மரப் பந்தயத்தை ரசிக்கத் தேவையான கண் நம்மிடம் பாதி ஏற்கெனவே இருக்கிறது.

மீதிப் பாதிக்கு இரண்டு விஷயம் புரிந்தால் போதும். முதலாவது, பாய்ப்படகு காற்றுக்கு நேர் எதிரே போகாது. ஏறத்தாழ 45 பாகை சாய்ந்துதான் போகும். பாரம் ஏற்றிய சைக்கிளை மேட்டில் மிதிப்பவர் இப்படியும் அப்படியும் வளைத்து வளைத்து ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே கதைதான். எங்கே திரும்புவது, எத்தனை தடவை திரும்புவது என்பதில்தான் பந்தயமே இருக்கிறது. இரண்டாவது, பக்கவாட்டில் அடிக்கும் காற்றில் படகு எப்படி முன்னே பாய்கிறது என்பது. சீத்தாப்பழக் கொட்டையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்தினால் அது முன்னால் தெறித்து ஓடும் அல்லவா? மேலே பாயைக் காற்று ஒரு பக்கம் தள்ளுகிறது. கீழே படகின் அடிப்பலகை தண்ணீரைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் தாங்குகிறது. இரண்டுக்கும் நடுவில் பிதுங்கிப் படகு முன்னே ஓடுகிறது.

இனி, பாய்மரப் பந்தயங்களில் புகழ்பெற்ற அமெரிக்கா கோப்பைக்கு வருவோம். பெயர் நாட்டுடையது என்று நினைக்க வேண்டாம். 1851 ஆகஸ்டில் இங்கிலாந்தின் வைட் தீவைச் சுற்றி நடந்த பந்தயத்தில் ஆங்கிலேயப் படகுகளை முந்திய ‘அமெரிக்கா’ என்ற படகின் பெயர் அது. அன்று ஜெயித்த நியூயார்க் கிளப் 132 வருஷம் கோப்பையைக் கைவிடவே இல்லை. இப்போது ஓடும் படகுகள் 75 அடி நீளம். கீழே இறக்கை மாதிரி ஒரு தகடு வேகம் பிடித்ததும் படகையே தண்ணீருக்கு மேலே தூக்கிவிடும். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தி. அதன் பிடியிலிருந்து உடம்பு விடுபட்டதும் வேகம் எகிறி, மணிக்கு 90 கிலோமீட்டரையும் தாண்டும். காற்றே அவ்வளவு வேகத்தில் அடிக்காதே என்று கேட்பீர்கள். அசையாத காற்றிலும் மோட்டார் சைக்கிளில் போனால் முகத்தில் காற்று அடிக்கிறது. படகும் தன் ஓட்டத்தால் தனக்கென்று ஒரு காற்றை உண்டாக்கிக்கொள்கிறது. அந்தக் காற்றும் சேர்ந்துதான் பாயில் விழுகிறது.

பந்தயங்கள் யூடியூபில் கிடைக்கின்றன. முதல் தடவை வர்ணனையின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, புறப்படுவதற்கு முந்தைய இரண்டு நிமிடத்தை மட்டும் பாருங்கள். மோதும் இரண்டு படகுகளும் புறப்படும் கோட்டுக்குப் பின்னால் ஒன்றையொன்று சுற்றிவரும். வலப்பக்கம் காற்று வாங்கும் படகுக்கே வழி உரிமை. மற்றது ஒதுங்க வேண்டும். அந்த உரிமையை வைத்துக்கொண்டு எதிராளியைத் தப்பான இடத்துக்குத் தள்ளுவதும், கடிகாரம் பூஜ்யத்தைத் தொடும் நொடியில் முழு வேகத்தில் கோட்டைத் தாண்டுவதும்தான் அங்கே நடப்பது. பாதிப் பந்தயம் அங்கேயே முடிந்துவிடும். முன்னால் போகிறவர் பின்னால் வருபவரின் காற்றை மறைக்கலாம். மரநிழல் மாதிரி பாய்க்கும் ஒரு நிழல் உண்டு. அதற்குள் மாட்டிய படகு தள்ளாடும். திரும்பும்போது படகின் வயிறு தண்ணீரைத் தொடுகிறதா என்று கவனியுங்கள். தொட்டு உட்கார்ந்துவிட்டால் மறுபடி எழுவதற்குள் சில நூறு மீட்டர் போய்விடும்.

ஒரே ஒரு தொடரைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் 2013 சான் பிரான்சிஸ்கோவைப் பாருங்கள். நியூசிலாந்து 8, அமெரிக்கா 1. இன்னும் ஒரு வெற்றி போதும் என்ற நிலையில் நியூசிலாந்து அதன்பிறகு ஒன்றுகூட ஜெயிக்கவில்லை. 9-8 என்று அமெரிக்கா கோப்பையைத் தக்கவைத்துக்கொண்டது. எத்தனை தடவை பார்த்தாலும் கடைசி நாளில் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

அந்த அமெரிக்கப் படகின் பின்னால் இருந்தவர் ஆரக்கிள் நிறுவனத்தின் லேரி எல்லிசன். இந்த விளையாட்டில் பணக்காரரைக் கவனிக்காமல் பந்தயத்தை மட்டும் பார்ப்பது அரைகுறைப் பார்வை. புரவலரை எடைபோடத் தெரிவதும் ரசனைதான். அது நம் ஊருக்குப் பழக்கமானதும்கூட. வீரகேரளம்புதூரில் இருந்த ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் தாங்கியதால்தான் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்து நமக்குக் கிடைத்தது. ஜமீன் போய்விட்டது, சிந்து நிற்கிறது. படகுப் பந்தயத்துப் புரவலர்களைப் பார்க்கும்போதும் எனக்கு இந்த அளவுகோல்தான் கைக்கு வரும்: பணத்தைக் கொடுத்தவர் கலையையும் நேசித்தாரா, தோற்ற பிறகும் நின்றாரா, அந்தப் பணம் யார் உழைப்பிலிருந்து வந்தது?

இந்த மூன்று கேள்விக்கும் ஒரே ஆளிடம் பதில் கிடைக்கும். நம் வீட்டு டீத்தூள் டப்பாவில் பெயர் பார்த்த தாமஸ் லிப்டன்தான் அவர். கிளாஸ்கோவில் ஐரிஷ் ஏழைக் குடும்பத்தில் பிறந்து மளிகைக்கடை வைத்து முன்னேறியவர். 1890-ல் இலங்கைக்குப் போனார். இலைநோய் வந்து காப்பித் தோட்டங்கள் அழிந்து, நிலம் மலிவாகக் கிடந்த காலம். அப்புத்தளை மலையில் தம்பேதன்ன தோட்டத்தை வாங்கி, தேயிலையைப் பொட்டலம் போட்டு உலகம் முழுக்க விற்றார். கையில் பணம் சேர்ந்ததும் அமெரிக்கா கோப்பைக்கு ஆசைப்பட்டார். 1899, 1901, 1903, 1920, 1930 என்று ஐந்து முறை சவால் விட்டார். ஐந்து படகுக்கும் ஒரே பெயர், ‘ஷாம்ராக்’. ஐந்து முறையும் தோற்றார்.

1920-ல் ஐந்து பந்தயத்தில் முதல் இரண்டையும் ஜெயித்துவிட்டார். இன்னும் ஒன்றுதான் பாக்கி. அடுத்த மூன்றும் போய்விட்டன. அதற்குப் பத்து வருஷம் கழித்து, எண்பதை ஒட்டிய வயதில் மறுபடி ஒரு படகு கட்டிக்கொண்டு வந்தார் பாருங்கள், அந்த ஒன்றுக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். அந்தத் தடவையும் தோற்றபோது அமெரிக்க மக்களே ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு அவருக்கு ஒரு தங்கக் கோப்பை செய்து கொடுத்தார்கள். மளிகைக்காரர் என்பதற்காக இங்கிலாந்தின் பெரிய கிளப் ஒன்று அவரைச் சேர்க்காமலே பல வருஷம் வைத்திருந்து, சாகும் தறுவாயில்தான் கதவைத் திறந்தது. தோற்கத் தோற்க அமெரிக்காவில் அவர் பெயரும் வளர்ந்தது, தேயிலையும் விற்றது.

மூன்றாவது கேள்வி நம் வீட்டுக்குள்ளேயே வந்து நிற்கிறது. இலங்கை மலையில் கொழுந்து கிள்ளியவர்கள் திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம், திருச்சி, சேலம் பக்கத்திலிருந்து கங்காணிகள் கூட்டிப்போன தமிழர்கள். பத்தடிக் காம்பராக்கள் வரிசையாக நிற்கும் லயத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து, 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு ஒரு பகுதியினர் இங்கே திருப்பி அனுப்பப்பட்டவர்கள். ஷாம்ராக்கின் பழைய புகைப்படத்தில் அந்த மாபெரும் வெள்ளைப் பாயைப் பார்க்கும்போதெல்லாம், அதிகாலைப் பனியில் கூடையை நெற்றியில் மாட்டிக்கொண்டு மலையேறிய பெண்கள் என் கண்ணுக்குத் தெரிவார்கள். படகின் அழகு இதனால் குறைவதில்லை. ஆனால் அவர்களையும் சேர்த்துப் பார்க்காமல் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டேன் என்று என்னால் சொல்ல முடியாது.

மற்றவர்களைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1983-ல் 132 வருஷத்து வரலாற்றை முறித்த ‘ஆஸ்திரேலியா 2’ படகுக்குப் பணம் போட்டவர் ஆலன் பாண்ட். அடியில் இருந்த சிறகு வைத்த பலகையைத் துணி போட்டு மூடி ரகசியமாக வைத்திருந்தார்கள். பாண்ட் பின்னாளில் மோசடிக் குற்றத்துக்குச் சிறை போனார். படகும் அதை வரைந்த பென் லெக்சனின் புத்தியும் அப்படியே மதிப்போடு இருக்கின்றன. 2003-ல் கடலே இல்லாத சுவிட்சர்லாந்து கோப்பையை எடுத்தது. மருந்து நிறுவனச் செல்வர் எர்னெஸ்டோ பெர்டரெல்லி, நியூசிலாந்தின் தலைசிறந்த மாலுமி ரஸல் கூட்ஸைத் தன் பக்கம் அழைத்துக்கொண்டதால் நடந்தது அது. பிராடா நிறுவனத்தின் பத்ரிசியோ பெர்டெல்லி 2000 முதல் ‘லூனா ரோஸா’ படகோடு வந்துகொண்டே இருக்கிறார், இன்னும் ஜெயிக்கவில்லை. என் கணக்கில் லிப்டனின் வாரிசு அவர்தான். 2024 பார்சிலோனாவில் ஜிம் ராட்கிளிஃப் பணத்தில் ஓடிய பிரிட்டன் படகு நியூசிலாந்திடம் 7-2 என்று தோற்றது. சில மாதத்தில் புரவலரும் தலைவர் பென் ஐன்ஸ்லியும் பிரிந்துவிட்டார்கள். ஜெயித்த நியூசிலாந்துப் பாயில் எமிரேட்ஸ் என்று எழுதியிருந்தது. கடையநல்லூர்த் தெருக்களில் வளைகுடா போய்வந்தவர்களுக்கு அந்த எழுத்தை யாரும் படித்துக்காட்ட வேண்டியதில்லை.

இவ்வளவு பணம் இல்லாமலும் இந்த விளையாட்டு உண்டு. எனக்கு அதுவே மனசுக்கு நெருக்கம். சென்னைப் பெண் நேத்ரா குமணன் ஓட்டும் படகு நாலு மீட்டர் சொச்சம், ஒரே பாய், ஒரே ஆள். எல்லோருக்கும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே படகு. பணத்தால் வேகத்தை வாங்க முடியாது. உடம்பைப் படகுக்கு வெளியே தொங்கவிட்டு, தொடை நடுங்க நடுங்கச் சமநிலையைப் பிடிக்க வேண்டும். 2021-ல் ஓமனில் நடந்த போட்டியில் தேறி, பாய்மரப் படகில் ஒலிம்பிக் போன முதல் இந்தியப் பெண் ஆனார் நேத்ரா. வேலூரில் பிறந்த ராணுவ வீரர் விஷ்ணு சரவணன் ஹாங்சோ ஆசியப் போட்டியில் வெண்கலம் வாங்கி, பாரிஸில் 18-வதாக வந்தார். இந்தப் பந்தயங்களில் முதலாவது வந்தால் ஒரு புள்ளி, இருபதாவது வந்தால் இருபது. குறைந்த புள்ளியே வெற்றி. ஒரு நாள் ஜெயிப்பதைவிட ஒரு நாளும் சொதப்பாமல் இருப்பதே பெரிது என்பது புள்ளிப்பட்டியலைப் பார்த்தாலே விளங்கும். சென்னைத் துறைமுகத்தில் இந்த விளையாட்டுக்கான கிளப்பை 1911-ல் தொடங்கியவர் பிரான்சிஸ் ஸ்பிரிங். அடுத்த வருஷம் துறைமுகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்த கணிதமேதை ராமானுஜனுக்குத் தோள் கொடுத்த அதே ஸ்பிரிங்தான். தொண்டிப் பக்கத்து மீனவ ஊர்களில் திருவிழாவை ஒட்டி நடக்கும் பாய்மரப் படகுப் போட்டியை ஒரு தடவை கரையில் நின்று பாருங்கள். அங்கே புரவலர் ஊர்தான்.

நம் மலைக்கு மேற்கே கேரளத்துக்காரர் அபிலாஷ் டாமி 2018-ல் தனியாக உலகைச் சுற்றும் பந்தயத்தில் பாய்மரம் முறிந்து, முதுகெலும்பு உடைந்து, நடுக்கடலில் அசைய முடியாமல் கிடந்து மீட்கப்பட்டவர். நாலு வருஷத்தில் அதே பந்தயத்துக்குத் திரும்பிப் போய், 2023-ல் இரண்டாவதாகக் கரையேறினார். அதற்குப் பணம் கொடுத்தது ஓர் அமீரக நிறுவனம். அப்படி ஒரு பாயில் இந்தியச் செல்வர் ஒருவரின் பெயரைப் பார்க்க எனக்கு ஆசை. கிரிக்கெட்டுக்குக் கொட்டுவதில் ஒரு கை அள்ளினால் போதும்.

அடுத்த அமெரிக்கா கோப்பை 2027 ஜூலையில் இத்தாலியின் நேப்பிள்ஸ் வளைகுடாவில் நடக்கவிருக்கிறது. அங்கே பிற்பகல் இரண்டு மணி என்றால் நமக்கு மாலை ஐந்தரை. குற்றாலத்தில் சீசன் நேரம், இங்கே காற்றுக்காலம். திரையின் ஓரத்தில் காற்றின் வேகத்தை நாட் கணக்கில் காட்டுவார்கள். ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர். எண்ணைப் பார்த்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பாருங்கள். பத்து நாட்டில் வேப்பிலைக் கொத்து ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கும். பதினைந்தில் தெருப் புழுதி கிளம்பும். இருபதை நெருங்கினால் முற்றத்து முருங்கை மொத்தமாகச் சாய்ந்து எழும்; அந்தக் காற்றிலும் அங்கே அந்தப் படகுகள் தண்ணீரை விட்டு எழுந்து பறந்துகொண்டிருக்கும்.