பேன் போயிற்று, ஈர் போயிற்றா?

தலையில் பேன் பிடித்தால் நம் வீட்டுப் பெண்கள் மருந்து தடவுவதோடு நிறுத்துவதில்லை. பேன்சீப்பை எடுத்து, முடியில் ஒட்டியிருக்கும் ஈரையும் இழுத்துவிட்டுத்தான் ஓய்வார்கள். மருந்துக்குப் பேன் சாகும். ஈர் எளிதில் சாகாது. உயிருள்ள பவளங்களைக் கண்ணாடித் தொட்டியில் வளர்ப்போருக்காக எழுதப்படும் வைத்தியக் குறிப்புகள் பலவற்றில் இந்தச் சிறிய அறிவைக் காணோம் என்பதே நமது குறை.

பவளம் வெறும் கல் அன்று; கல்லைக் கட்டிக்கொண்டு அதன்மேல் வாழும் விலங்குக் கூட்டம். அவற்றுள் மான்கொம்பு போலக் கிளைவிடும் அக்ரோபோரா இனங்களின் தசையைத் தின்று வாழும் தட்டைப்புழு ஒன்று உண்டு. அதன் உடல் ஏறக்குறைய கண்ணாடி போன்றது. தின்ற பவளத்திலுள்ள நுண்பாசிகள் குடலில் தங்குவதால், புழுவும் பவளத்தின் நிறத்தையே காட்டும். ஆகவே புழு நம் கண்ணுக்கு அகப்படாது. அது கடித்த இடங்கள் மட்டும் வெளிறிய வட்டத் தழும்புகளாகத் தெரியும். தொட்டி வளர்ப்போர் இதனோடு நெடுநாள் போராடிய பின், 2011ஆம் ஆண்டில்தான் கேட் ராலின்சனும் அவருடைய கூட்டாளிகளும் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினர். இன்று வழங்கும் பெயர் புரோஸ்தியோஸ்டோமம் அக்ரோபோரே. கடலில் இதைக் கண்ட முதற்செய்தி அதற்குப் பின்னரே, 2012இல், ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டிலிருந்து வந்தது. தொட்டியில் முதலில், கடலில் பிறகு! வேடிக்கையான வரிசைதான்.

இனி வைத்தியத்துக்கு வருவோம். ஆடுமாடுகளுக்குக் குடற்புழு நீக்கக் கொடுக்கும் லெவாமிசோல் போன்ற மருந்தைக் கடல்நீரில் கரைத்து, பவளக் கிளையை அதில் சிறிது நேரம் முக்கி வைப்பார்கள். பிறகு நீரைப் பீய்ச்சினால், மயங்கிய புழுக்கள் உதிர்ந்து வாளியின் அடியில் கிடக்கும். குறிப்பு எழுதுவோர் இந்த இடத்தில் மகிழ்ந்துபோய்ப் புழுக்களை எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள். வாளியில் எத்தனை என்பதா கேள்வி? கிளையில் என்ன மிஞ்சியது என்பதல்லவா?

மிஞ்சுவது முட்டை. தசை அழிந்து வெளிப்பட்ட வெற்றெலும்பின்மேல், உயிருள்ள பகுதியை ஒட்டினாற்போல், புழு தன் முட்டையுறைகளை நெருக்கமாகப் பதித்து வைக்கிறது. ஓர் உறைக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட கருக்கள் வளரும். புழுவை மயக்கும் மருந்து இந்த உறைக்குள் இருப்பதை ஒன்றும் செய்வதில்லை. மருந்தை இன்னும் கடுமையாக்கலாமே என்று கேட்பீர்கள். கடுமையாக்கினால் முட்டைக்கு முன்னே பவளம் செத்துவிடும்.

இந்நிலையில்தான் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜொனாதன் பார்ட்டனும் மற்றவர்களும் 2019இல் வெளியிட்ட ஆய்வு மதிப்புப் பெறுகிறது. அவர்கள் புதுமருந்து தேடி ஓடவில்லை. புழுவின் நாட்களை எண்ணினார்கள். 27 பாகை செல்சியஸில் அதன் வாழ்க்கைச் சுற்று முடியக் குறைந்தது 38 நாட்கள் ஆகின்றன. நீரின் வெப்பம் மாறினால் இக்கணக்கும் மாறும். இதிலிருந்து கிடைக்கும் விதி எளியது: முதல் முக்கலில் தப்பிய முட்டைகள் பொரிந்த பிறகு, பொரிந்தவை முட்டையிடும் பருவத்தை எட்டும் முன்பு, மறுமுறை முக்க வேண்டும். முந்தினால் முட்டை தப்பும். பிந்தினால் புதுமுட்டை சேரும். நீரின் வெப்பத்தைக் கேளாமலே ‘வாரம் ஒருமுறை’ என்று எழுதுகிறவர் புழுவின் நாட்காட்டியைப் பார்த்து எழுதவில்லை. தம் வீட்டு நாட்காட்டியைப் பார்த்து எழுதுகிறார்.

ஆய்வு எல்லாவற்றுக்கும் விடை தந்துவிட்டதா? இல்லை. நாட்கணக்கு எப்போது முக்குவது என்பதைக் கூறும். புண்பட்ட கிளை எத்தனை முக்கலைத் தாங்கும் என்பதைக் கூறாது. என் கருத்தில், மருந்தை விட அடியைக் கவனிப்பதே மேல். முட்டைகள் வெற்றெலும்பில்தானே உள்ளன? அந்தப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, உயிருள்ள நுனியை மட்டும் புதுக்கல்லில் பொருத்தி, தனித்தொட்டியில் சில வாரங்கள் வைத்துக் கவனிக்கலாம். இதுதான் பேன்சீப்பு வேலை. இப்புழுவைத் தின்னும் மீனையும் இறாலையும் கொண்டு பார்ட்டன் குழுவினரே பின்னர்ச் சோதனை செய்தனர் என்பதும் கவனிக்கத் தக்கது.

இதைப் படித்துவிட்டு யாரும் பவளம் தேடிக் கடலுக்குப் போக வேண்டாம். கல்பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றம். ஆனால் பவளத்தை வெட்டிப் பொருத்தும் வேலை நம் கடலிலேயே நடக்கிறது. தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார், மன்னார் வளைகுடாவில் சிதைந்த பவளத்திட்டுகளில் 2002 முதல் பவளத் துண்டுகளை நட்டு வளர்த்து வருகின்றனர். 2016இல் கடல்நீர் சூடேறி அவ்வளைகுடாவின் பவளங்கள் வெளிறி, கிளைப்பவளங்கள் பெருமளவில் மாண்டன. அங்கே கோடையில் நீர் 30 பாகையைத் தாண்டும். ஆகவே, ஆஸ்திரேலியத் தொட்டியின் 38 நாளை அப்படியே இங்கே பெயர்த்து எழுதுவதும் பழைய தவற்றின் புதுவடிவமே. நம் நீரின் வெப்பத்துக்கு நம் அட்டவணை வேண்டும்.

கடலை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் திருவட்டாற்று மாணவர் இதில் என்ன செய்ய முடியும்? ஊரை வளைத்து ஓடும் ஆறு இருக்கிறதே! பாடநூலில் படித்த பிளனேரியாவும் தட்டைப்புழுதான். ஆனால் அது பவளந்தின்னி அன்று, நன்னீரில் தன்போக்கில் வாழ்வது. தெளிந்த ஓடையில் கற்களைப் புரட்டி அடிப்பக்கத்தைப் பாருங்கள். மெல்ல வழுக்கிச் செல்லும் சிறு புழு கிடைத்தால், ஆற்று நீரோடு கிண்ணத்தில் இட்டு நிழலில் வையுங்கள். வெளிச்சம் அதற்கு ஆகாது. கல்லில் கடுகு போன்ற கரும்பழுப்பு முட்டைக்கூடு ஒட்டியிருந்தால் இன்னும் நல்லது. அத்தகைய கூடுகளை இரண்டு கிண்ணங்களில் பிரித்து, ஒன்றை மண்பானைத் தண்ணீரின் குளிர்ச்சியிலும் மற்றதை அறையிலும் வைத்து, எது எத்தனையாம் நாளில் பொரிகிறது என்று குறித்து வாருங்கள். நீரை அன்றாடம் மாற்றுங்கள். வெப்பமானியில் கண்ட அளவையும் நாளோடு சேர்த்து எழுத மறவாதீர்கள்.