கேட்கிற விலை

உங்கள் தாத்தா வீட்டிலோ பெரியப்பா வீட்டுக் கொட்டகையிலோ பழைய கார் ஒன்று தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு தூங்குகிறதா? அப்படியானால் இந்த வாரம் என் மேல் உங்களுக்குக் கொஞ்சம் கோபம் வரும். பரவாயில்லை, படியுங்கள்.

2022-ம் வருஷம், பொங்கல் முடிந்த வாரம். நண்பர் ஒருவர் என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு மேலூர் பக்கம் போனார். அவருக்குப் பழைய கார் என்றால் கிறுக்கு. (கிறுக்கு என்பது அவர் மனைவிக்குத் தெரியும். எத்தனை ரூபாய்க் கிறுக்கு என்பதுதான் தெரியாது.) நாலுவழிச் சாலையை விட்டு இறங்கி, கண்மாய்க் கரையோடு ரெண்டு கிலோமீட்டர் போனால் ஒரு தோட்டத்து வீடு. பக்கத்தில் மாட்டுக்கொட்டகை. உள்ளே மாட்டுக்குப் பதிலாக ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு நின்றது. நின்றது என்பதை மரியாதைக்காகச் சொல்கிறேன். நாலு டயரும் தரையோடு தரையாகிவிட்டதால் உட்கார்ந்திருந்தது.

ஒரு காலத்தில் வெளிர்நீலமாக இருந்திருக்க வேண்டும். பின் சீட்டைக் கரையான் தின்று, தென்னைநார் வெளியே வந்து கிடந்தது. டிக்கிக்குள் கோழி முட்டையிட்ட அடையாளம். தரைத்தகட்டில் ஓட்டை விழுந்து, அது வழியாக ஒரு கருவேலங்கன்று எட்டிப் பார்த்தது. அதன் தைரியத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

நண்பர் கேட்டார்: “எவ்வளவுண்ணே எதிர்பார்க்கிறீங்க?”

“எட்டு லட்சம்ணே.”

“இன்ஜின் எப்படி?”

“ஓடிக்கிட்டிருந்த வண்டிதாண்ணே. பேட்டரி மாத்துனா எடுத்துரும்.”

“கடைசியா எப்ப ஓடுச்சு?”

“அப்பா இருக்கும்போது.”

“அப்பா எப்ப தவறுனாரு?”

“தொண்ணூத்தாறுல.”

நீங்கள் சிரிப்பீர்கள். நான் சிரிக்கவில்லை. அந்த மனிதர் பொய் சொல்லவில்லை, ஏமாற்றவும் பார்க்கவில்லை. அவர் மனசுக்குள் அந்தக் கார் இன்னும் 1996-ல்தான் நின்றுகொண்டிருந்தது. அப்பா முன்சீட்டில், அம்மா மல்லிகைப்பூவோடு பின்னால், அழகர்கோயிலுக்கு ஒரு பயணம். அதற்குத்தான் எட்டு லட்சம் கேட்டார். நாம் பார்த்ததோ கருவேலங்கன்று முளைத்த தகரம்.

ஹெரால்டு சாதாரண வண்டி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு என்று வந்த கார் அது. உடம்பை வரைந்தவர் இத்தாலிக்காரர், மிக்கேலோட்டி. நம்ம ஊரில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி சென்னைக்கு வெளியே பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் தொழிற்சாலை வைத்து 1961-லிருந்து செய்தது. பானெட்டைத் தூக்கினால் முன்பாதி முழுவதும், மட்கார்டு விளக்கு எல்லாமும் சேர்ந்து, முதலை வாய் மாதிரி எழும்பும். மெக்கானிக் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம். சந்தில் திருப்ப அதைப் போல வண்டி கிடையாது. வேறு எந்த நாட்டிலும் இல்லாத நாலு கதவு ஹெரால்டை நம்மவர்கள் செய்தார்கள். 1972-ல் கெஸல் என்ற பெயரில் இன்னொன்று வந்தது. 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய காரைக் கொண்டுவந்து கையைச் சுட்டுக்கொண்டு, 1988-ல் கடையைக் கட்டினார்கள். தமிழ்நாட்டில் பிறந்த கார் என்று பாசம் வைக்க எல்லா நியாயமும் இருக்கிறது.

ஆனால் பாசத்துக்கு டிங்கரிங் செய்யத் தெரியாது.

நண்பரிடம் ஒரு நோட்டு இருக்கிறது. முன்னாடி ஒரு ஹெரால்டைச் சரிசெய்தபோது எழுதிய கணக்கு. தகரம் வெட்டி ஒட்டிய டிங்கர் வேலை 1,40,000. பெயின்ட் 90,000. இன்ஜின் இறக்கி போர் அடித்து ஏற்றியது 75,000. பம்பரும் பிடிகளும் நிக்கல் பூசியது 35,000. கண்ணாடி, பீடிங் 30,000. சீட் 28,000. டயர் 25,000. எலி தின்ற வயரிங் 22,000. கூட்டினால் நாலு லட்சத்து நாற்பத்தஞ்சாயிரம். இதில் சென்னை புதுப்பேட்டைக்கு ஆறு தடவை போய் வந்த பஸ் சார்ஜ், டிங்கர் பட்டறையில் குடித்த டீ, பதினாலு மாதப் பொறுமை எதுவும் சேராது. வண்டி வாங்கியது அறுபதாயிரத்துக்கு. ஆக ஐந்து லட்சத்து ஐந்தாயிரம் செலவழித்த காரை யாராவது மூணே முக்காலுக்குக் கேட்டால் பெருமையாக இருக்கும் என்கிறார். விற்கமாட்டார், அது வேறு.

இப்போது கணக்கைத் திருப்பிப் போடுங்கள். பளபளவென்று ஓடுகிற வண்டியே நாலுக்குள்தான் போகும் என்றால், அதை அந்த நிலைக்குக் கொண்டுவர நாலரை ஆகும் என்றால், கொட்டகையில் கிடக்கிற வண்டியின் விலை என்ன? கழித்தால் பூஜ்யத்துக்குக் கீழே போகிறது. ஆசையினால்தான் ஒருவன் அறுபதாயிரம் கொடுக்கிறான். எட்டு லட்சம் கேட்பவர் இந்தக் கழித்தலைப் போடுவதே இல்லை. “ரெடி பண்ணிட்டா எங்கயோ போயிரும்ணே” என்கிறார். ரெடி பண்ணுகிற செலவை அடுத்தவன் தலையில் வைத்துவிட்டு, ரெடி ஆன வண்டிக்கான விலையை இன்றைக்கே கேட்கிறார்.

சரி, இந்த எட்டு லட்சம் எங்கிருந்து வருகிறது? நான் விசாரித்துப் பார்த்தேன். திருமங்கலத்தில் ஒருத்தர் ஏழரைக்குப் போட்டிருக்கிறார் என்று மேலூர்க்காரர் சொன்னார். திருமங்கலத்துக்காரரைக் கேட்டால் காரைக்குடியில் ஏழுக்குப் போட்டிருக்கிறார்களாம். காரைக்குடி வண்டி நாலு வருஷமாக அதே ஏழுக்கு, அதே புளியமரத்தடியில், அதே போட்டோவோடு கிடக்கிறது. வித்துப்போன வண்டியின் விலை யாருக்கும் தெரிவதில்லை. வாங்கினவனும் சொல்லமாட்டான், வித்தவனும் சொல்லமாட்டான். விற்காத வண்டியின் விலைதான் ஊரெல்லாம் விளம்பரமாகத் தொங்குகிறது. விற்காததைப் பார்த்து அடுத்தவர் விலை வைக்கிறார், அதுவும் விற்காது. அதைப் பார்த்து இன்னொருத்தர். நடுவில் தரகர் ஒருவர் ஒவ்வொரு கைக்கும் ஐம்பதாயிரம் ஏற்றிச் சொல்கிறார். அவருக்கென்ன, வாய்தானே முதலீடு.

இதற்கு உலக அளவில் ஒரு புண்ணியவான் இருக்கிறார். பிரான்ஸில் ரோஜர் பையோன் என்று லாரி கம்பெனி நடத்தியவர். பழைய கார்களாக வாங்கிக் குவித்தார், தொழில் நொடித்தது, கார்கள் தகரக் கொட்டகையில் அரை நூற்றாண்டு கிடந்தன. 2015 பிப்ரவரியில் பாரிஸில் ஏலம். துடைக்கக்கூட இல்லாமல், தூசியோடு வந்த ஒரு ஃபெராரி 1 கோடியே 63 லட்சம் யூரோவுக்குப் போனது. நம்ம பணத்துக்கு நூறு கோடிக்கு மேல். அதன் மேல் பழைய பத்திரிகைகள் குவிந்து கிடந்த போட்டோ உலகம் பூராவும் சுற்றியது. அன்றிலிருந்து தூசிக்கே தனி விலை வந்துவிட்டது. ‘தொடாத வண்டிண்ணே, கழுவக்கூட இல்ல’ என்பது இப்போது தகுதி!

போட்டோவைப் பார்த்தவர்கள் கணக்கைப் பார்க்கவில்லை. அன்றைக்கு விற்றவை ஐம்பத்தொன்பது கார்கள். மொத்த வசூல் சுமார் இரண்டரைக் கோடி யூரோ. அதில் 1.63 கோடி அந்த ஒரே வண்டிக்கு. உலகத்திலேயே சில டஜன்தான் செய்த மாடல், அதிலும் நடிகர் அலென் டெலோன் வைத்திருந்தது. நம்ம அம்பாசிடர் 1957-லிருந்து 2014 வரைக்கும் லட்சக்கணக்கில் வந்த வண்டி. கலெக்டர் ஆபீஸ் வாசலில் வரிசையாக நின்றது, கல்யாணத்துக்கு வந்தது, டாக்ஸியாக ஓடியது. உத்தர்பாராவில் தொழிற்சாலையை மூடிய மறுநாளே அது ஃபெராரி ஆகிவிடாது.

அம்பாசிடர் என்றதும் இன்னொன்று. நம்ம பக்கத்தில் பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு டீசல் இன்ஜின் ஏற்றாத பழைய வண்டியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 2021 ஜூலையில் மத்திய அரசு விதி போட்டது: முதல் பதிவுக்குப் பிறகு ஐம்பது வருஷம் தாண்டிய வண்டிக்கு ‘வின்டேஜ்’ அந்தஸ்து, எண்ணில் ‘விஏ’ என்ற எழுத்து, புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். தினசரி ஓட்டக்கூடாது, கண்காட்சி, ஊர்வலம் மாதிரி விஷயத்துக்குத்தான் எடுக்கலாம். சேஸிஸ், பாடி, இன்ஜின் மாற்றப்படாமல் அசலாக இருக்க வேண்டும். ‘வின்டேஜ்ணே’ என்று சொல்லிவிட்டு பானெட்டைத் திறந்தால் உள்ளே டீசல் இன்ஜின் முழிக்கிறது. தாத்தா 1985-ல் டீசல் காசை மிச்சம் பிடிக்கச் செய்த புத்திசாலித்தனத்துக்குப் பேரன் இப்போது விலை கொடுக்கிறான்.

ஆர்.சி. புத்தகமோ செத்துப்போனவர் பெயரில் இருக்கும். படிவம் 31, வாரிசுச் சான்றிதழ், அக்கா தங்கச்சிகள் கையெழுத்து. ஒரு தங்கச்சி சிங்கப்பூரில், ஒரு தம்பி பேச்சுவார்த்தையில் இல்லை. பதினஞ்சு வருஷத்துக்கு மேல் ஆன வண்டிக்குப் புதுப்பித்தலும் செய்திருக்கமாட்டார்கள். இந்தத் தலைவலியெல்லாம் அந்த எட்டு லட்சத்துக்குள் இலவச இணைப்பு.

எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. நிலத்தைப் பார்த்துதான் நம்மவர்கள் இந்தப் பாடத்தைத் தப்பாகப் படித்துவிட்டார்கள். ஒத்தக்கடையிலும் திருமங்கலத்திலும் மஞ்சள் கல் ஊன்றிய பொட்டல் காடு, யாரும் ஒன்றும் செய்யாமலே பத்து மடங்கு ஆனது. சும்மா கிடந்தாலே ஏறும் என்று கண்ணால் கண்டவர்கள். ஆனால் நிலம் துருப்பிடிக்காது. இரும்பை வைத்துக்கொண்டு நிலத்தின் கணக்குப் போட்டால் எப்படி? இந்த ஊர்க்காரர்களுக்கு வேறு உதாரணம் தெரியாதா என்ன? அலங்காநல்லூர் வாடியில் நின்று விளையாடிய காளைக்கு லட்சத்தில் விலை பேசுவார்கள். அதே காளையைத் தீனி போடாமல் இருபது வருஷம் கட்டிவைத்துவிட்டு அதே விலையைக் கேட்டால், வாடிவாசலே சிரிக்கும்.

மதுரை வண்டிவாகனம் தெரியாத ஊரும் இல்லை. டி.வி.சுந்தரம் ஐயங்கார் பஸ் விட்டு, கார் விற்று வளர்ந்த ஊர். ரெண்டாவது உலகப்போரில் பெட்ரோல் கிடைக்காதபோது மரக்கரி வாயுவில் வண்டி ஓட்ட டி.வி.எஸ். கருவி செய்து கொடுத்தது. ஓடாததை ஓட வைப்பதுதான் இந்த ஊரின் பெருமை. ஓடாததை ஓரங்கட்டி வைத்து விலை சொல்வது எப்போது பெருமையானது என்று தெரியவில்லை.

வாங்குகிறவர்கள் மட்டும் யோக்கியர்களா? இல்லை. கணவனை இழந்த அம்மாவிடம் “இரும்பு வெலைக்கு எடுத்துக்கிறேம்மா, எடத்தையாச்சும் அடைக்காம இருக்கும்” என்று இனிமையாகப் பேசி, நல்ல ஃபியட்டைத் தூக்கிப்போய் மூன்றே வாரத்தில் ஓடவிட்டுப் பத்து மடங்குக்கு விற்றவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்தக் கதை ஊரில் பரவியதால்தான் மற்ற எல்லோரும் எட்டு லட்சம் கேட்கிறார்கள். பயத்தில் வைக்கிற விலை அது. குறைத்துச் சொல்லி ஏமாந்துவிடுவோமோ என்ற பயம்.

இதில் என் பங்கும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் தப்பு.

அன்றைக்கு மேலூரில் நண்பர் எழுபதாயிரம் என்றார். வீட்டுக்காரர் யோசித்தார். மகளுக்கு இன்ஜினீயரிங் ரெண்டாம் வருஷ ஃபீஸ் கட்ட வேண்டும் என்று அதற்கு முன்னாலேயே பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். ஒரு லட்சத்துக்கு இறங்கிவருகிற முகம் தெரிந்தது. நண்பரும் ஒன்றுக்கு ஏறத் தயாராகத்தான் இருந்தார். அந்த நேரம் பார்த்து, சும்மா இருக்காமல், எனக்குத் தெரிந்த மிக்கேலோட்டி கதையை நான் எடுத்துவிட்டேன். இத்தாலி டிசைன், உலகத்தில் எங்கேயும் இல்லாத நாலு கதவு, “இது பொக்கிஷம்ணே, தமிழ்நாட்டுலயே நாலஞ்சு இருந்தா அதிகம்” என்று ஒரு அடிப்பு வேறு. எத்தனை இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? நண்பர் என் காலை மிதித்தார். லேட்.

“அப்ப எட்டுங்கிறதே கம்மிதானண்ணே?” என்றார் வீட்டுக்காரர்.

திரும்பி வரும்போது நண்பர் ஒத்தக்கடை வரைக்கும் என்னோடு பேசவில்லை. அடுத்த வாரம் விலை பத்து என்று தகவல் வந்தது.

போன வருஷம் சிங்கம்புணரிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது அந்தக் கண்மாய்க் கரை வழியாகத் திரும்பினேன். கொட்டகையில் ஆறு ஆடுகள். மனிதர் அடையாளம் கண்டுகொண்டு, கயிற்றுக் கட்டிலில் உட்காரச் சொல்லி, மோர் கொடுத்தார். ஃபீஸுக்கு மனைவியின் சங்கிலியை அடகு வைத்தாராம், இன்னும் திருப்பவில்லையாம். மகள் கோயம்புத்தூரில் வேலைக்குப் போய்விட்டாள். ரெண்டு மழைக்காலத்தில் கூரை சரிந்து வண்டி மேல் விழுந்ததும் பழைய இரும்புக்காரர் வந்து, வெட்டி, டெம்போவில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். எடைக்கு எடை. இருபதாயிரத்துச் சொச்சம்.

என்ன சொல்வதென்று தெரியாமல் மோரைக் குடித்தேன். அவர் உள்ளே போய், துணியில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து பிரித்தார். ஸ்டீயரிங். அதை மட்டும் கழற்றி வைத்திருக்கிறார். அப்பா கை பட்ட இடம் வழுவழுவென்று தேய்ந்திருந்தது.

“இத எவ்வளவுக்குண்ணே கேக்கலாம்?” என்றார்.