பிழையும் கலையும்: கமரன் அம்மையாரின் நிழற்படங்கள்

பொகவந்தலாவையிலுள்ள புனித மேரி தேவாலய வளவில் ஆங்கிலேயத் தம்பதியர் இருவர் அடக்கஞ் செய்யப்பட்டுள்ளனர். கணவர் சாள்ஸ் ஹே கமரன். 1833ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களைப் படித்த மாணவர் யாவரும் கோல்புறூக்–கமரன் ஆணைக்குழுவின்வழி அவர் பெயரை அறிவர். மனைவி யூலியா மாகிறற் கமரன். அவரைப் பரீட்சைக்காகப் படிப்பாரில்லை. ஆயினும், நிழற்படத்தைக் கலையென மதிக்கும் நாடுகளிலெல்லாம் இன்று கணவரே மனைவியின் பெயரால் நினைக்கப்படுகின்றார்.

அம்மையார் 1815இல் கல்கத்தாவிற் பிறந்தவர். இங்கிலாந்திலே வைற் தீவில் வாழ்ந்த காலத்தில், 1863ஆம் ஆண்டின் இறுதியில், தனிமையிற் பொழுதுபோக்குவதற்கென மகளும் மருமகனும் கமரா ஒன்றைப் பரிசாக அளித்தனர். அப்பொழுது அவருக்கு அகவை 48. நிலக்கரி வைக்கும் கொட்டில் இருட்டறையாயிற்று. கண்ணாடி வேய்ந்த கோழிக்கூடு படப்பிடிப்பறையாயிற்று. கோழிகள் விடுதலை செய்யப்பட்டன என்றும், அவை உண்ணப்படவில்லை என்றே நம்புவதாகவும் அவர் பின்னர் எழுதினார். பொழுதுபோக்காகத் தொடங்கிய இம்முயற்சி பதினொரு ஆண்டுக்கு மேல் அவ்வீட்டாரையும் விருந்தினரையும் வேலைக்காரரையும் வழிப்போக்கரையும் ஒருவர் விடாமல் ஆட்டிப்படைத்தது.

அக்காலத்து நிழற்படத் தொழில் விரலால் ஒரு பொத்தானை அழுத்துவதன்று. வெடிபஞ்சை ஈதரிலும் அற்ககோலிலும் கரைத்துப் பெறுங் கொலோடியன் என்னும் பசையைக் கண்ணாடித் தட்டின்மேல் ஒரே சீராக ஊற்றிப் பரப்பல் வேண்டும். பின்னர் அதனை வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் அமிழ்த்தல் வேண்டும். ஈரம் உலருமுன் கமராவில் வைத்துப் படம் பிடித்து, உலருமுன்னரே இருட்டறையிற் கழுவி உருத்தெளிவித்தல் வேண்டும். அம்மையார் முதலிற் கையாண்ட தட்டு 11 அங்குலத்துக்கு 9 அங்குலம். 1866 முதல் 15 அங்குலத்துக்கு 12 அங்குலம். அத்துணைப் பெரிய கண்ணாடியின்மேல் ஒரு தூசி வீழ்ந்தாலும், பசை ஓரிடத்திலே தடித்தாலும், கைவிரல் சற்றே பட்டாலும் அது படத்தில் என்றைக்கும் நிலைத்துவிடும். அவருடைய படங்களில் இவையனைத்தும் உண்டு. இவற்றோடு உருவங்களின் விளிம்பும் மங்கியிருந்தது.

நிழற்படச் சங்கத்தார் அவரைக் கடிந்ததில் வியப்பில்லை. கருவியை ஆளத்தெரியாதவர், குவியத்தைத் திருத்தமாக அமைக்க அறியாதவர், தட்டைத் துப்புரவாக வைத்துக்கொள்ளமாட்டாதவர் என்பன அவர்கள் கூறிய குற்றங்கள். இன்றைய இரசிகரோ இதற்கு நேர்மாறான கட்சியினர். மங்கலும் கறையும் வெடிப்பும் யாவுமே மேதையின் முத்திரை என்பர். இவ்விரு கட்சியும் ஒரே தவற்றைச் செய்கின்றன. வெவ்வேறு காரணத்தால் விளைந்த குறைகளை ஒரே மூட்டையாகக் கட்டி, ஒருவர் எறிகின்றார். மற்றவர் தலைமேற் சுமக்கின்றார்.

மூட்டையை அவிழ்த்துப் பார்த்தல் நன்று. முதலிலே மங்கலை எடுத்துக்கொள்வோம். அவருடைய முதல் வில்லை, கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் கொலோடியனைத் தாக்கும் நீல ஒளியையும் ஒரே தளத்திற் குவிக்கவல்லதன்று. எனவே கண்ணுக்குத் தெளிவாயிருந்தது தட்டிலே மங்கியது. தொடக்கத்தில் நேர்ந்தது தற்செயல் என்பதை அம்மையாரே ஒப்புக்கொண்டுள்ளார். ஆனால் பின்னர் அவர் மேலான வில்லையொன்றைப் பெற்றார். மங்கல் மட்டும் அகலவில்லை. குவியத்தைத் திருப்பிக்கொண்டு வருகையில் தம் கண்ணுக்கு அழகாய்த் தோன்றிய இடத்திலேயே நிறுத்திவிடுவதாக அவர் எழுதினார். எது முறையான குவியம் என்று விதிக்கும் உரிமை எவருக்குண்டு என 1864இல் தம் நண்பர் சேர் ஜோன் ஹேர்ஷெலுக்கு எழுதிய கடிதத்தில் வினாவினார். தற்செயலாக வந்த ஒன்றைக் கண்டு, தெரிந்து, மீண்டும் வேண்டுமென்றே செய்பவர் அதற்குப் பொறுப்பாளி ஆகின்றார். மங்கல் அவ்வாறு அவருடையதாயிற்று.

வெடிப்பின் கதை வேறு. சில ஆண்டுகளில் அவருடைய விலைமதிப்பற்ற கண்ணாடித் தட்டுகள் பலவற்றிற் பசை வெடித்துப் பாழாகத் தொடங்கியபோது, 1869இல் அவர் அதே நிழற்படச் சங்கத்தாரிடம் பரிகாரம் வினாவிச் சென்றார். வெடிப்பை அழகென்று கருதியிருந்தால் மருந்து தேடியிருப்பாரா? கைவிரற் கறை இரண்டிற்கும் இடைப்பட்டது. அதனை அவர் விரும்பியதுமில்லை; அதற்காக ஒரு நல்ல முகத்தை இழக்க மனங்கொண்டதுமில்லை. எது முதன்மை, எது பொறுக்கத்தக்கது, எது கேடு என்னும் இப்பாகுபாடே அவருடைய உண்மையான தேர்ச்சி.

1867இல் எடுத்த ஹேர்ஷெலின் படத்தை நோக்குக. படங்களை நிலைப்படுத்தும் ஹைப்போவின் இயல்பை 1819இலேயே கண்டறிந்தவரும், 1842இல் நீல அச்சு முறையைக் கண்டவரும் அப்பேரறிஞரே. படத்தில் அவருக்கு அகவை 75. கரிய தொப்பியும் கரிய போர்வையும் இருளோடு இருளாக, முகமொன்றே மிதந்து வருகின்றது. வெண்மயிர் ஒளிக்கீற்றாய்ச் சிதறுகின்றது. மங்கல் இங்கே முகத்தை மறைக்கவில்லை. நிமிடக்கணக்கில் அசையாதிருக்க முயன்ற முதியவர் ஒருவரின் மூச்சே தட்டிற் படிந்தாற் போலுள்ளது. கூர்மையான வில்லை ஒவ்வோர் உரோமத்தையும் எண்ணித் தந்திருக்கும். இந்த மூச்சைத் தந்திராது.

ரெனிசனின் ஆதர் மன்னன் கவிதைகளுக்கு 1874 அளவில் அவர் எடுத்த படங்களைப் பற்றி இவ்வாறு கூறுதல் இயலாது. திரைச்சீலையும் வாடகை உடையும் கண்ணை உறுத்துகின்றன. மங்கலாலும் அவற்றை மூடமுடியவில்லை. அவை வீட்டு நாடகங்கள்.

இற்றைநாளிலே டிஜிற்றல் கமராவின் பிழையற்ற தெளிவிற் சலிப்புற்றோர் பலர் படச்சுருளுக்கும் நீல அச்சுக்கும் ஈரக் கொலோடியனுக்கும் மீண்டுள்ளனர். அமெரிக்கரான சாலி மான் 1990களின் இறுதியிலே இம்முறையை மேற்கொண்டு, தூசியையும் வடுவையும் வலிந்து வரவேற்றார். தேர்ந்த கையில் அதுவும் ஒரு மொழியே. ஆனால் கறையைக் காட்டியே கலைஞராக விழையும் பொழுதுபோக்காளர் அம்மையாரைத் தமக்குச் சான்று காட்டுதல் பொருந்தாது. அவர் கறையை நாடிச் சென்றவரல்லர். முகத்தை நாடிச் சென்றவர்.

முகத்தை நாடியவர் என்பதனாலேயே அவருடைய இலங்கைப் படங்கள் வினாவுக்குரியனவாகின்றன. கணவரின் கோப்பித் தோட்டங்களை முன்னிட்டு 1875இல் அவர்கள் இங்கு வந்தனர். சவப்பெட்டிகளையும் உடன் கொணர்ந்தனர் என்பது பலரும் கூறுஞ் செய்தி. ஈதர் கொதிப்பது ஏறத்தாழ 35 பாகை சதமவெப்பத்தில். களுத்துறை வெயிலிற் கொலோடியன் எவ்வளவு விரைவில் உலர்ந்திருக்கும் என்பதை விஞ்ஞான மாணவர் உய்த்துணர்வர். எஞ்சிய படங்கள் மிகச் சிலவே. தோட்டத் தொழிலாளரும் கிராமத்தவரும் அவற்றில் நிற்கின்றனர். பலவற்றிற் கமரா பின்வாங்கி நிற்கின்றது. தட்டை நிறைத்து வரும் அந்த முகம் இங்கே அரிது.

1877இல் அவரைக் காண வந்த ஓவியர் மரியான் நோத் எழுதிவைத்த செய்தியொன்று இதனை விளக்கும். ஒருவனது முதுகின் அழகில் ஈடுபட்ட அம்மையார், அவனைத் தம் தோட்டக்காரனாக மகனைக்கொண்டு அமர்த்துவித்தாராம். அம்மையாருக்கோ தோட்டமே இல்லை. நோத் அதனை வேடிக்கையாகவே எழுதுகின்றார். வைற் தீவிலே அம்மையார் தம் பணிப்பெண் மேரி ஹில்லியரைக் கன்னிமரியாளாக்கிப் பன்முறை படம் பிடித்தார். அப்பெண்ணின் பெயர் இன்றும் நிலவுகின்றது. களுத்துறை மனிதனுக்கு எஞ்சியது முதுகு.

1878இல் எடுத்த களுத்துறைக் குடியானவர் குழுப் படத்தின்கீழ் அம்மையார் குறிப்பொன்று வரைந்துள்ளார். சிறுமிக்கு வயது பன்னிரண்டு. முதியவர் தாமே அவளுடைய தந்தையென்றும் தமக்கு நூறு வயதென்றும் சொல்கின்றார் என்பது அதன் பொருள். முதியவரின் கூற்றை அவர் நம்பினாரா, நகைத்தாரா என்பது எழுத்திலிருந்து புலப்படவில்லை. வயதைக் கேட்டறியும் அளவுக்கு அவர்களிடையே பேச்சு நிகழ்ந்திருக்கின்றது. அகவைகள் எழுதப்பட்டன, பெயர்கள் எழுதப்படவில்லை.