பவளத் தொட்டிக்கு வெயில் போதுமா?

1961இல் அமெரிக்காவின் 'ட்ராபிகல் ஃபிஷ் ஹாபியிஸ்ட்' இதழில், ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் தம்முடைய கடல்மீன் தொட்டிகளைப் பற்றி எழுதினார். வடிகட்டி கிடையாது, விளக்கும் கிடையாது. கடலிலிருந்து எடுத்துவந்த, நுண்ணுயிர்கள் குடியிருக்கும் பாறைத் துண்டுகள், கடல்நீர், மெல்ல எழும் காற்றுக் குமிழ், வெயில் ஆகியவை மட்டுமே. அந்தத் தொட்டிகளில் பவளங்கள் உயிரோடு இருந்தன. மற்றவர்கள் வெளுத்த பவள எலும்புக்கூட்டைக் கடையில் வாங்கி அலங்காரமாக வைத்துக்கொண்டிருந்த காலம் அது.

வீட்டில் ஆயிரம், இரண்டாயிரம் லிட்டரில் பெரிய பவளத் தொட்டி, அதன்மேல் திறந்த கூரை, மின்கட்டணம் இல்லாத வெளிச்சம் என்ற ஆசைக்கு விதை போட்டது அவருடைய அனுபவம்தான். அந்த ஆசை வீண் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் லீ சின் எங்குக்குக் கிடைத்த மூன்று வசதிகளையும் சேர்த்தே எடைபோட வேண்டும். அவர் நிலநடுக்கோட்டுக்கு அருகே இருந்தார். ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம். கடல் பக்கத்திலேயே இருந்தது. புதிய நீருக்கும் புதிய பாறைக்கும் பஞ்சமில்லை. தொட்டியில் மீன்களும் குறைவு. அவருடைய வெற்றியில் வெயிலுக்கு உரிய பங்கு எவ்வளவு என்பதே இங்கே கேள்வி.

முதலில் வெயிலுக்குச் சேர வேண்டிய பெருமை. பாறை கட்டும் பவளத்தின் திசுவுக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளியைக் கொண்டு செய்யும் உணவில் பெரும்பகுதி பவளத்துக்குப் போய்ச் சேருகிறது. ஆகவே பவளத்துக்கு ஒளி என்பது சாப்பாடு. இந்தச் சாப்பாட்டை வெயில் பரிமாறும் விதத்தை எந்த விளக்கும் முழுமையாக எட்டவில்லை. காலையில் கிழக்குப் பக்கக் கிளைகளுக்கு, நண்பகலில் உச்சிக்கு, மாலையில் மேற்குப் பக்கத்துக்கு என ஒளி நகர்ந்துகொண்டே இருக்கிறது. தலைக்குமேல் ஒரே இடத்தில் தொங்கும் விளக்கின்கீழ் நிரந்தர நிழலில் கிடந்து, அடிப்பக்கம் செத்துப்போகும் கிளைகள் இங்கே பிழைத்துக்கொள்கின்றன. பத்து மணிக்கு மேல் இப்படி ஒரு தொட்டியை மேலிருந்து பாருங்கள். நீர்ப்பரப்பின் சிற்றலை ஒவ்வொன்றும் ஒளியைக் குவித்து மணலில் வெள்ளிக் கோடுகளாக ஓடவிடும். பாறைமேல் படிந்த பாசியிலிருந்து ஆக்சிஜன் ஊசிமுனைக் குமிழ்களாகக் கிளம்பி மேலே வரும். மேகம் கடந்தால் எல்லாம் ஒரு கணம் அடங்கி மறுபடி தொடங்கும். இந்த அழகுக்காக மட்டுமே ஒருவர் கூரையைத் திறக்க விரும்பினாலும் அவரோடு எனக்குச் சண்டையில்லை.

சிக்கல் வெயிலின் அளவில் இருக்கிறது. ஒளிச்சேர்க்கைக்கு உதவும் ஒளியைச் சதுர மீட்டருக்கு ஒரு நொடியில் விழும் ஃபோட்டான் கணக்கில் அளக்கிறார்கள். உச்சி வெயிலில் அது ஏறக்குறைய 2,000 மைக்ரோமோல். வீட்டுத் தொட்டியில் ஒளி அதிகம் கேட்கும் அக்ரோபோரா வகைகளுக்கே 250 முதல் 400 வரை போதும். மென்பவளங்கள் 50 முதல் 150க்குள் நிம்மதியாக வாழும். கடலில் ஆழமற்ற திட்டுகளில் வாழும் பவளங்கள் இதைவிட அதிக ஒளியைத் தாங்குவது உண்மைதான். ஆனால் அவை அதற்கெனப் பழகியவை. புற ஊதாக்கதிரைத் தடுக்கும் சேர்மங்களைத் திசுவில் சேர்த்து வைத்திருப்பவை. விளக்கின்கீழ் வளர்ந்த துண்டைக் கொண்டுவந்து வெயிலில் வைத்தால் சில நாட்களிலேயே அது வெளுக்கும். வெளுப்பு மேல்பக்கத்தில் தொடங்கி, அடியில் பழுப்பு நிறம் அப்படியே இருந்தால் ஒளிதான் குற்றவாளி என்று அடையாளம் கண்டுகொள்ளலாம்.

வெப்பத்தைப் பற்றி எல்லோரும் பயமுறுத்துவார்கள். அந்தப் பயத்தை ஒரு கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஆயிரம் லிட்டர் தண்ணீர், ஒன்றரை சதுர மீட்டர் மேற்பரப்பு என்று வைத்துக்கொள்வோம். நம் ஊரில் ஒரு சதுர மீட்டரில் ஒரு நாளில் விழும் வெயிலின் ஆற்றல் சராசரியாக ஐந்து யூனிட் மின்சாரத்துக்குச் சமம். அது முழுதும் தண்ணீரில் இறங்கி, எதுவும் வெளியேறாவிட்டால், ஒரே நாளில் ஆறு டிகிரிக்கு மேல் சூடு ஏறும். இருபத்தாறு, இருபத்தேழு டிகிரியில் இருக்க வேண்டிய தொட்டிக்கு இது சாவு. ஆனால் நீரில் இழப்பாவதையும் சேர்த்தால்கூட, பவளத்துக்குத் தேவையான ஒளி அதில் கால்பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு. எழுபது விழுக்காடு ஒளியைத் தடுக்கும் நிழல்வலையை மேலே கட்டினால், ஒளியோடு சூடும் அதே அளவில் குறைந்து, ஏற்றம் இரண்டு டிகிரியில் நிற்கும். அதே தொட்டிக்கு நானூறு வாட் எல்.இ.டி. விளக்கைப் பத்து மணி நேரம் எரித்தால் செலவாகும் நான்கு யூனிட்டும் கடைசியில் சூடாகத்தான் மாறுகிறது. அதில் ஒரு பகுதி காற்றில் போகும், மிச்சம் தொட்டிக்குத்தான். ஆக, வேண்டிய அளவுக்கு வெட்டப்பட்ட வெயில், விளக்கைவிடச் சூடானது என்று சொல்ல முடியாது.

அப்படியானால் வெயில் தொட்டிகள் ஏன் கொதிக்கின்றன? பெரும்பாலும் கூரையின் அமைப்பால். மேலே கண்ணாடியோ பாலிகார்பனேட் தகடோ போட்டு நாலாபுறமும் அடைத்துவிட்டால் உள்ளே வந்த வெப்பம் வெளியே போக வழியில்லை, அறையே அடுப்பாகிறது. நிழல்வலையையும் கண்ணாடிக்கு உட்புறம் கட்டுகிறார்கள். அது சூட்டை உள்ளே வாங்கிக்கொண்ட பிறகு போடும் திரை. வலை கண்ணாடிக்கு வெளியே, மேலே, இடைவெளியோடு இருக்க வேண்டும். கூரையின் உச்சியில் சூடான காற்று வெளியேறத் திறப்பு வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது ஆயிரம் லிட்டர் தொட்டியிலிருந்து அரை டிகிரிக்கும் சற்றே கூடுதலான சூட்டை எடுத்துப் போகிறது. ஒரு மின்விசிறி மூன்று நான்கு லிட்டரை ஆவியாக்கினால் பாதி வேலை முடிந்தது. ஆவியானதற்கு ஈடாக ஆர்.ஓ. தண்ணீரை நாள்தோறும் தானாக ஊற்றும் அமைப்பு இல்லாவிட்டால் உப்பின் அளவு ஏறிவிடும். கடற்கரை ஊர்களில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும் மாதங்களில் விசிறி கைகொடுக்காது. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்கியே ஆக வேண்டும். மிச்சமாகும் விளக்குக் கட்டணத்தைச் சில்லர் கேட்டு வாங்கிக்கொள்ளும். பணம் மிச்சம் என்பதற்காக மட்டும் இந்த வழியை எடுப்பவர்கள் ஏமாறுவார்கள்.

அடுத்த முரண் இடத்தில். வெயில் தாராளமாகக் கிடைப்பது மொட்டைமாடியில். ஆனால் குடியிருப்புத் தளங்களைச் சதுர மீட்டருக்கு இருநூறு கிலோ கூடுதல் சுமைக்கே வடிவமைக்கிறார்கள். அறுபது சென்டிமீட்டர் உயரத் தண்ணீர் மட்டுமே அறுநூறு கிலோவைத் தாண்டும். பாறையும் கண்ணாடியும் தனி. கட்டுமானப் பொறியாளரைக் கேட்காமல் மாடியில் பெரிய தொட்டி வைப்பதை நான் எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க மாட்டேன். ஜன்னலோரமும் சரிப்படாது. பக்கவாட்டில் விழும் ஒளி முன்கண்ணாடியில் பாசியை வளர்க்கும். மீன்கள் முதுகை ஒளிப்பக்கம் திருப்பிச் சாய்ந்து நீந்தும். பவளத்தின் உச்சிக்கோ போதிய ஒளி போகாது. தரைத்தளத்திலேயே நேர்மேலிருந்து ஒளி வேண்டும். பழைய வீடுகளின் முற்றம் இதற்காகவே கட்டியதுபோல் பொருந்துகிறது: கீழே மண்ணில் அமர்ந்த தளம், மேலே வானம், சுற்றிலும் காற்றோட்டம். மழைநீர் தொட்டியில் விழாதபடி லேமினேட் செய்த கண்ணாடியை உயர்த்தி அமைத்து, பக்கங்களைத் திறந்துவிட்டால் மேலே சொன்ன வெப்பச் சிக்கலும் பாதி தீரும். முற்றம் இல்லாதவர்கள் கூரையிலிருந்து உட்புறம் பளபளக்கும் குழாய் வழியாக ஒளியை இறக்கும் ஸ்கைலைட்டைப் பயன்படுத்துகிறார்கள். சூடு குறைவு, ஒளியும் குறைவு. பெரிய தொட்டிக்குப் பல குழாய்கள் வேண்டியிருக்கும்.

பருவமும் பார்க்க வேண்டும். சென்னையில் மிகக் குறுகிய பகல் பதினொன்றேகால் மணி நேரத்துக்குக் குறையாது. லண்டனில் டிசம்பர் பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை. இந்த வகையில் வெப்பமண்டலத்தில் வாழ்பவருக்கு அதிர்ஷ்டம்தான். ஆனால் வடகிழக்குப் பருவமழையில் வாரக்கணக்கில் வானம் மூடிக்கிடக்கும். ஏப்ரல் பிற்பகுதியிலும் ஆகஸ்டு நடுவிலும் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். ஒரே நிழல்வலை இரண்டுக்கும் ஒத்துவராது. அமெரிக்காவின் அரிசோனாவில் 1991இல் மனிதர்களை உள்ளே வைத்து மூடிய பயோஸ்பியர் 2 கட்டடத்தில், இருபத்தைந்து லட்சம் லிட்டருக்கும் மேற்பட்ட செயற்கைக் கடலும் பவளத்திட்டும் இருந்தன. வெயில் கொட்டும் பாலைவனம்தான். ஆனாலும் கண்ணாடியும் இரும்புச் சட்டங்களும் ஏறக்குறைய பாதி ஒளியைத் தின்றுவிட்டன. உள்ளே பெருகிய கரியமில வாயு தண்ணீரின் அமிலத்தன்மையைக் கூட்டிப் பவளத்தின் வளர்ச்சியை மேலும் கெடுத்தது. கூரை போட்ட வெயில் வேறு, திறந்த வெயில் வேறு என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டாம். ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில்லில் 1987இல் திறக்கப்பட்ட பவளக் காட்சியகம் இருபத்தைந்து லட்சம் லிட்டர் தொட்டியை வானத்துக்கே திறந்து வைத்தது. அது இருந்தது கிரேட் பேரியர் ரீஃபின் பக்கத்திலேயே.

மறுபுறம், லண்டனின் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் விளக்குகளைக் கொண்டே பகல், நிலவு, பருவ மாற்றங்களை உருவாக்கி, மூடிய தொட்டியில் பவளங்களை இனப்பெருக்கம் செய்ய வைத்தார்கள். வெயில் இல்லாவிட்டால் பவளம் முழுவாழ்வு வாழாது என்ற வாதம் அங்கே அடிபட்டுப் போகிறது. நிறத்திலும் விளக்குக்கே வெற்றி. நீல எல்.இ.டி.யில் ஒளிரும் பச்சையும் ஆரஞ்சும் வெயிலில் பழுப்பாகவும் மங்கலாகவும் தெரியும். கடலில் சில மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு ஒளி பெரும்பாலும் உறிஞ்சப்பட்டுவிடுகிறது. முக்கால் மீட்டர் தொட்டியில் அதில் பெரும்பகுதி அடிவரை இறங்குகிறது. படத்தில் பார்த்த வண்ணங்களை எதிர்பார்ப்பவர் வெயில் தொட்டியை வைத்துவிட்டு வருத்தப்படுவார்.

இந்தியாவில் திட்டமிடுபவருக்கு இன்னொரு விஷயம் எல்லாவற்றுக்கும் முந்தியது. பாறை கட்டும் கடினப் பவளங்கள் அனைத்தும், அவற்றோடு கருப்புப் பவளம், கடல்விசிறி, நெருப்புப் பவளம் ஆகியவையும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்குக் கிடைக்கும் அதே பாதுகாப்பு. மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு துண்டை எடுப்பதும் விற்பதும் குற்றம். அந்தத் திட்டுகள் சுண்ணாம்புக்காகப் பல்லாண்டுகள் வெட்டப்பட்டவை. 1998, 2010, 2016 ஆண்டுகளில் கடல் சூடேறி வெளுத்தவை. லீ சின் எங் செய்ததுபோல் கடலுக்குப் போய்ப் பாறை எடுத்துவருவதை இன்று நாம் செய்யக் கூடாது. சட்டத்துக்கு உட்பட்ட மென்பவளங்களும் செயற்கைப் பாறையும் மட்டுமே நமக்கு வழி. மென்பவளங்களுக்கு வேண்டிய ஒளியோ மிகக் குறைவு என்று முன்பே பார்த்தோம். வெயிலின் மிகப் பெரிய பலமான அந்த அபார ஒளிச்செல்வம், நம் நாட்டுத் தொட்டியில் பெரும்பாலும் தடுத்து வெளியே அனுப்பப்பட வேண்டிய ஒன்றாகிவிடுகிறது.

என் முடிவு இது. தரைத்தளத்தில் திறந்த முற்றமோ அதற்கு நிகரான இடமோ உள்ளவர், வெயிலை முதன்மை ஒளியாகக் கொள்ளலாம். வெளியே நகர்த்தி மாற்றக்கூடிய இரண்டு அடுக்கு நிழல்வலை, மழைக்கால நாட்களுக்கும் மாலை நேரத்துக்கும் சிறிய எல்.இ.டி., சில்லருக்கு ஒதுக்கிய பணம் ஆகிய மூன்றும் கைவசம் இருந்தால். இவற்றில் ஒன்று குறைந்தாலும் விளக்கே மேல். எதற்கும் கண்ணாடி வாங்குமுன் ஒளி அளக்கும் பார் மீட்டர் ஒன்றை இரவல் வாங்குங்கள். தொட்டி வைக்கப்போகும் இடத்தில் ஏப்ரல் மாத நண்பகலிலும், நவம்பர் மாத மழைநாளிலும் அளந்து எழுதி வையுங்கள். அந்த இரண்டு எண்களையும் பார்த்த பிறகு கூரையைப் பற்றி முடிவெடுங்கள்.