முதலில் மாஸ்க், பிறகு மெஷின்: ஏர்சென்ஸ் 10 ஆட்டோசெட்

ஸ்லீப் ஆப்னியா என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, ‘எந்த மெஷின் நல்லது?’ என்பதுதான். ரெஸ்மெட் நிறுவனத்தின் ஏர்சென்ஸ் 10 ஆட்டோசெட்டை நெடுநாளாக இரவுதோறும் பயன்படுத்துகிறவன் என்ற முறையில் அதைப் பற்றி விரிவாகவே சொல்ல முடியும். ஆனால் ‘என் முகத்துக்கு எந்த மாஸ்க்?’ என்று கேட்டுவிட்டுத்தான் மெஷின் பக்கம் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு நாக்கின் அடிப்பகுதியும் மென்அண்ணமும் பின்னால் சரிந்து மூச்சுப்பாதையை அடைத்துவிடும். 10 விநாடி, 20 விநாடி, சில சமயம் அதற்கு மேலும் காற்று உள்ளே போகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும். மூளை பதறி உசுப்பிவிடும். பெரிய குறட்டையோடு மூச்சு திரும்பும். தூங்குகிறவருக்கு இதில் பாதி தெரியாது, பக்கத்தில் படுத்திருப்பவருக்குத்தான் நெஞ்சு படபடக்கும். ஒரு மணி நேரத்தில் மூச்சு எத்தனை முறை நிற்கிறது அல்லது குறைகிறது என்ற கணக்குதான் ஏஹெச்ஐ. 5க்குக் கீழே என்றால் இயல்பு, அங்கிருந்து 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30க்கு மேல் கடுமை. என் ஸ்லீப் ஸ்டடி அறிக்கையில் இருந்தது கடைசிச் சொல். இதைக் கவனிக்காமல் விட்டால் ரத்த அழுத்தம் ஏறும், இதயத் துடிப்பு தடுமாறலாம், வண்டி ஓட்டும்போது கண் சொருகும்.

மூக்கு வழியாக விடாமல் காற்றழுத்தம் கொடுத்தால் தொண்டை மூடாது என்பதை ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் 1981ல் சிட்னியில் காட்டினார். இப்படிக் காற்றழுத்தம் தருவதுதான் சிபேப். இன்று கடையில் இருக்கும் எல்லா சிபேப் கருவிகளும் அதிலிருந்து வந்தவை. ஏர்சென்ஸ் 10 தரும் அழுத்தம் 4 முதல் 20 செ.மீ. நீரழுத்தம் வரை. ஆட்டோசெட் என்பதால், டாக்டர் குறித்த எல்லைக்குள் தேவைக்கேற்பத் தானே ஏறி இறங்கும். குறட்டை தொடங்கினாலோ மூச்சின் ஓட்டம் தட்டையானாலோ அழுத்தத்தைக் கூட்டும். மூச்சு முழுதாக நின்றால் மெல்லிய காற்றதிர்வுகளை அனுப்பி, பாதை அடைத்திருக்கிறதா திறந்திருக்கிறதா என்று சோதிக்கும். திறந்திருந்தால், மூச்சுவிடச் சொல்லி மூளையிலிருந்து கட்டளையே வரவில்லை என்று பொருள். அங்கே அழுத்தத்தைக் கூட்டிப் பயனில்லை என்று தெரிந்து சும்மா இருக்கும். இந்த நிதானம்தான் இந்த மெஷினில் எனக்கு மிகவும் பிடித்தது. சத்தமும் குறைவு, மின்விசிறி ஓடும் அறையில் காதில் விழாது.

2021ல் வந்த ஏர்சென்ஸ் 11ல் தொடுதிரை உண்டு, உருவமும் சிறியது. சிகிச்சை என்று பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பணம் மிச்சமானால் அதை மாஸ்க்கில் போடுங்கள்.

மாஸ்க் பொதுவாக மூன்று வகை: மூக்குத் துளையில் மட்டும் பொருந்தும் பில்லோ, மூக்கை மூடும் நேசல், மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் ஃபுல் ஃபேஸ். மீசை அடர்த்தியாக இருந்தால் நேசல் மாஸ்க்கின் கீழ் விளிம்பில் காற்று கசியும். அவர்களுக்குப் பில்லோ நன்றாக உட்காரும். வாயைத் திறந்து தூங்குகிறவர் பில்லோ போட்டால் மூக்கில் போன காற்று வாய் வழியாக வெளியேறிவிடும். கடையில் நாற்காலியில் உட்கார வைத்து மாட்டிக் காட்டுவார்கள். அது போதாது. படுத்ததும் கன்னச் சதை சரிந்து முகத்தின் வடிவமே மாறிவிடுகிறது. மெஷினில் ‘மாஸ்க் ஃபிட்’ என்றொரு வசதி இருக்கிறது. அதை ஓடவிட்டு, தலையணையில் படுத்து, இடமும் வலமும் புரண்டு பார்க்க வேண்டும். கசிந்தால் பட்டையை இழுத்து இறுக்கத்தான் கை போகும். இறுக்கக் கூடாது. சிலிகான் விளிம்பு காற்றில் பூரி மாதிரி உப்பி முகத்தோடு ஒட்ட வேண்டும். அழுத்தினால் தட்டையாகி இன்னும் அதிகம் கசியும், மூக்குத் தண்டில் புண்ணும் வரும். மாஸ்க்கை முகத்திலிருந்து லேசாகத் தூக்கி, உப்பவிட்டு, மறுபடி உட்கார வையுங்கள். ‘புஸ்’ என்ற சத்தம் சட்டென்று நிற்பது கேட்கும்.

ரெஸ்மெட்டின் மைஏர் செயலி ஒவ்வொரு இரவுக்கும் 100க்கு மதிப்பெண் போடுகிறது. அதில் 70 எத்தனை மணி நேரம் போட்டிருந்தீர்கள் என்பதற்கு, 20 மாஸ்க் கசியாததற்கு. மூச்சு எத்தனை முறை தடைப்பட்டது என்பதற்கு வெறும் 5. புதிதாகத் தொடங்குகிறவருக்கு ஊக்கம் தர இது சரி. ஆனால் 95 வாங்கிய இரவிலும் ஏஹெச்ஐ கூடுதலாக இருந்திருக்கலாம். ஆகவே மதிப்பெண்ணை விட்டுவிட்டு, ஏஹெச்ஐ 5க்குக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள்.

சென்னை மாதிரி ஊரில் ஏ.சி. போட்டுத் தூங்குகிறவர்களுக்கு ஒரு தொந்தரவு உண்டு. மெஷினின் தண்ணீர்த் தொட்டியிலிருந்து வரும் வெதுவெதுப்பான ஈரக்காற்று குளிர்ந்த ட்யூபுக்குள் துளித்துளியாகி, நடுராத்திரியில் மூக்கில் சொட்டும். ஈரப்பதத்தை ஒரு படி குறைத்துப் பாருங்கள்; தீராவிட்டால் சூடேறும் ட்யூப் வாங்குங்கள். தொட்டிக்கு டிஸ்டில்டு வாட்டர்தான் நல்லது. மீதியைக் காலையில் கொட்டிக் கழுவிவிட வேண்டும். கொசுவத்தி புகையும் அறையில் மெஷினை வைக்கவே வேண்டாம். அந்தப் புகை நேராக உங்கள் நுரையீரலுக்குப் போகும். வெள்ளை ஃபில்டர் சீக்கிரமே கறுத்துவிடும்.

கரண்ட் போனால் மெஷின் நின்றுவிடும், உள்ளே பேட்டரி கிடையாது. ஃபுல் ஃபேஸ் மாஸ்க்கில் வெளிக்காற்று வருவதற்கு வால்வு இருப்பதால் பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் அந்த நேரத்துக்குச் சிகிச்சை இல்லை. வீட்டு இன்வெர்ட்டர் சைன்வேவ் வகையாக இருக்கட்டும். சூடாக்கும் வேலைதான் அதிகம் மின்சாரம் தின்னும். நீண்ட மின்தடையில் அதை மட்டும் அணைத்துவிடலாம்.

சிபேப் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வேறு வழிகள் இல்லாமல் இல்லை. லேசான, நடுத்தர நிலையில் கீழ்த்தாடையை முன்னுக்குத் தள்ளும் வாய்க்கருவியைப் பல் மருத்துவர் அளவெடுத்துச் செய்து தருவார். மல்லாந்து படுத்தால் மட்டும் வருகிறவருக்கு ஒருக்களித்துப் படுப்பதே பெரிய உதவி. நாக்கு நரம்பைத் தூண்டும் பொருத்துகருவிக்கு அமெரிக்காவில் 2014ல் அனுமதி கிடைத்தது. உடல் பருமனும் சேர்ந்திருப்பவர்களுக்கு டிர்செபடைடு ஊசியை அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 டிசம்பரில் ஏற்றது. எதுவானாலும் ஸ்லீப் ஸ்டடி எடுத்து, டாக்டர் பார்த்த பிறகுதான். ஸ்மார்ட் வாட்ச் தரும் எச்சரிக்கை டாக்டரிடம் போவதற்கான காரணம் மட்டுமே.

பழைய மெஷின் மலிவாகக் கிடைத்தால் மாடலைச் சரிபாருங்கள். ஒலியடக்கும் நுரை சிதைந்து துகள் காற்றில் கலக்கக்கூடும் என்பதால் பிலிப்ஸ் நிறுவனம் 2021 ஜூனில் தன் கருவிகள் பலவற்றைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அவை கைமாறி உங்களிடம் வந்துவிடக் கூடாது. மாத வாடகைக்கு மெஷின் தருகிறவர்கள் இருக்கிறார்கள். தொடக்கத்துக்கு அதுவே நல்லது. விற்கிறவரிடம் இரண்டைக் கேளுங்கள்: மாஸ்க் போட்டுப் படுத்துப் பார்க்க இடம் தருவீர்களா, பொருந்தாவிட்டால் வேறு மாஸ்க் மாற்றித் தருவீர்களா? இரண்டுக்கும் சரி என்கிறவர் மெஷினுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே விலை சொன்னாலும் அவரிடமே வாங்குங்கள்.