குமுளியோடு நின்ற நிதி

விடியுமுன்னே கம்பம், கூடலூர், போடி பக்கமிருந்து தோட்ட ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையேறுகின்றன. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கியின் ஏலக்காய்க் காடுகளுக்குப் போய், பொழுது சாயத் திரும்புகின்றன. வடக்கே வாளையாறில், 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வரும்வரை, வரிச் சோதனைச்சாவடிக்கு முன்னால் லாரிகள் மணிக்கணக்கில் வரிசைகட்டி நின்றன. எச்.ஐ.வி. தடுப்புக்கு வந்த வெளிநாட்டுப் பணத்தை எடைபோட வேண்டுமென்றால் இந்த எல்லையில் நின்று பார்ப்பது நல்லது. ஆட்கள் அன்றாடம் தாண்டும் எல்லைக் கோட்டை அந்தப் பணத்தில் பெரியதொரு பங்கு தாண்டவில்லை.

அந்தப் பணம் செய்த நன்மையைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் இந்தியாவின் முதல் தொற்றுகள் கண்டறியப்பட்டன. பாலியல் தொழிலாளர்கள், லாரி ஓட்டுநர்கள், ஆணுறை என்ற சொற்களை வாய்விட்டுச் சொல்லவே அரசு அலுவலகங்கள் கூசிய காலம் அது. 1992இல் உலக வங்கிக் கடனோடு தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. 1995இல் அமெரிக்காவின் யுஎஸ்எய்ட் பணத்தில், சென்னை அடையாறு வி.எச்.எஸ். மருத்துவமனை வழியாக ‘ஏபேக்’ திட்டம் வந்தது. எய்ட்ஸ் விழிப்புணர்வுக்காக வந்த புள்ளிராஜா விளம்பரம் நினைவிருக்கும். அந்தப் பெயர் பலரைப் புண்படுத்தியது உண்மை. ஆனாலும் டீக்கடையிலும் பேருந்திலும் தமிழ்நாடு இந்த நோயைப் பற்றி வாய்திறந்தது அதன் பிறகுதான். வெட்கப்பட்ட அரசு போகாத இடத்துக்கு அந்நியப் பணம் துணிந்து போனது. அதன் பெரிய பலம் அதுதான்.

2003இல் பில் கேட்ஸ் அறக்கட்டளையின் ‘அவஹான்’ வந்தது. மொத்தம் 33.8 கோடி டாலர். பாலியல் தொழிலாளர்களையே சக கல்வியாளர்களாக அமர்த்தி, வீதிவீதியாகப் போக வைத்தது. அதனால் எத்தனை தொற்றுகள் தவிர்க்கப்பட்டன? 2011இல் வெளியான ஓர் ஆய்வு, முதல் ஐந்தாண்டுகளில் சுமார் ஒரு லட்சம் என்றது. 2013இல் வந்த இன்னொன்று பத்தாண்டுகளில் ஆறு லட்சம் என்றது. இரண்டும் கணித மாதிரிகள். எண் எதுவானாலும் பலன் இருந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை.

குறை தொடங்குவது வரைபடத்தில். அவஹான் தேர்ந்தெடுத்தவை ஆறு மாநிலங்கள்: தமிழ்நாடு, ஆந்திரம், கர்நாடகம், மகாராஷ்டிரம், மணிப்பூர், நாகாலாந்து. பரவல் குறைவாக இருந்த கேரளம் அதில் இல்லை. கணக்குப்படி அது சரியே. பணம் குறைவு, நோய் எங்கே அதிகமோ அங்கே போகவேண்டும். ஆனால் தேனி மாவட்டத்துக்காரர் பகலெல்லாம் இடுக்கியின் உடும்பன்சோலையில் இருக்கிறார். கேரளத்தின் கஞ்சிக்கோடு ஆலைக்குச் சரக்கு கொண்டுவரும் ஓட்டுநர் நாமக்கல்காரராக இருக்கலாம். தொற்று ஆளோடு நகர்கிறது, மாவட்டத்தோடு நகர்வதில்லை. கேரளம் ஜ்யோதிஸ் பரிசோதனை மையங்கள், உஷஸ் சிகிச்சை மையங்கள், சுரக்ஷா களத் திட்டங்கள் என்று தன் ஏற்பாட்டைச் செய்துகொண்டது. தமிழ்நாட்டில் நம்பிக்கை மையங்கள். எல்லைக்கு இருபுறமும் நல்ல ஏற்பாடுகள் இருந்தும், நடுவே நடமாடும் மனிதருக்காக அவை போதுமான அளவு இணைக்கப்படவில்லை. குமுளியிலிருந்து கோட்டயம் மருத்துவக் கல்லூரி நூறு கிலோமீட்டருக்கு மேல். தேனி மருத்துவக் கல்லூரி அதைவிட அருகில். மாத்திரை வாங்கப் போகிறவருக்கு ஒரு நாள் கூலி போகும். எந்த மாநிலத்து மையம் என்பது அவருக்குப் பொருட்டா?

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து எல்லை மூடப்பட்டபோது, பல மாத மாத்திரையை ஒரே தடவையில் கொடுக்கவும், இருக்கும் இடத்துக்கு அருகிலுள்ள மையத்தில் பெற்றுக்கொள்ளவும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு வழிசெய்தது. இடர்க்காலத்தில் முடிந்தது இயல்பான காலத்திலும் முடியும்.

அடுத்த குறை, பணத்தோடு சேர்ந்து வரும் கட்டளை. பாலியல் தொழிலை எதிர்ப்பதாக உறுதிமொழி தந்தால்தான் பணம் என்று 2003இன் அமெரிக்கச் சட்டம் சொன்னது. யாரை நம்பி வேலை செய்கிறார்களோ அவர்களையே இழிவுபடுத்தும் நிபந்தனை இது. மகாராஷ்டிரத்தின் சாங்கிலியில் இயங்கும் ‘சங்கிராம்’ அமைப்பு 2005இல் அந்தப் பணம் வேண்டாம் என்று திருப்பிவிட்டது. அதே ஆண்டு பிரேசில் 4 கோடி டாலரை மறுத்தது. இரண்டுமே சரியான முடிவுகள் என்பேன்.

மிகப் பெரிய குறை, பணம் விலகும் விதம். இங்கே மருந்துக்கும் களப்பணியாளருக்கும் நேர்ந்த இரண்டு முடிவுகளை ஒப்பிட வேண்டும். 2004 ஏப்ரல் 1 முதல், தாம்பரம் உள்ளிட்ட மையங்களில் இலவசக் கூட்டு மருந்து (ஏ.ஆர்.டி.) கிடைக்கத் தொடங்கியது. தொடக்க ஆண்டுகளில் குளோபல் ஃபண்ட் என்ற சர்வதேச நிதியத்தின் பணம் அதைப் பெரிதும் தாங்கியது. பிறகு மத்திய அரசு பொறுப்பேற்றது. 2018 செப்டம்பரில் அமலான எச்.ஐ.வி. சட்டம் இயன்றவரை சிகிச்சை தருவதை அரசின் கடமையாக்கியது. தேசியத் திட்டத்தின் 2021–26 ஐந்தாம் கட்டத்துக்கு 15,471.94 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. எனவே மாத்திரை நிலைத்தது. அதிலும் ஓட்டை உண்டு. 2022 ஜூலையில் மருந்துத் தட்டுப்பாட்டுக்கு எதிராகத் தொற்றுள்ளோர் டெல்லியில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் அலுவலக வாசலிலேயே அமர்ந்து போராடினார்கள்.

களப்பணியாளர்களின் கதை வேறு. 2009, 2011, 2012 என மூன்று கட்டங்களாக அவஹான் தன் திட்டங்களை அரசிடம் ஒப்படைத்தபோது சம்பளமும் செலவும் அரசின் குறைந்த விகிதத்துக்கு இறங்கின. பல ஆண்டுகள் பழகி நம்பிக்கை பெற்ற களப்பணியாளர் ஒப்பந்த ஊழியராகவே நின்றார். மாத்திரை பட்ஜெட்டில் இடம்பெற்றது. அதை உட்கொள்ளச் சம்மதிக்க வைத்தவருக்கு அந்த இடம் கிடைக்கவில்லை.

2025 ஜனவரி 20 அன்று அமெரிக்கா தன் உதவியை 90 நாள் நிறுத்தியபோது இந்த வேறுபாடு வெட்டவெளிச்சமானது. ஹைதராபாத், கல்யாண், புனே நகரங்களில் அந்த உதவியில் திருநர்களுக்கென நடந்த ‘மித்ர்’ கிளினிக்குகள் மூடப்பட்டன. மருந்தை அரசே வாங்கியதால் ஏ.ஆர்.டி. மையங்கள் இயங்கின. ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் மாத்திரையே வெளிநாட்டுப் பணத்தில் வருவதால் அங்கே அடி பலமாக விழுந்தது. அமெரிக்க உதவி நிரந்தரமாக நின்றால் 2029க்குள் கூடுதலாக 40 லட்சம் பேர் இறப்பார்கள் என்று ஐ.நா.வின் எய்ட்ஸ் அமைப்பு எச்சரித்தது. இத்தனைக்கும் அங்கே போகும் மாத்திரைகளில் பெரும்பகுதி இந்தியத் தொழிற்சாலைகளில் செய்தவை. ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலரைத் தாண்டிய சிகிச்சையை 2001இல் இந்திய நிறுவனமான சிப்லா 350 டாலருக்குத் தர முன்வந்ததும், பிறகு உதவிப் பணம் மொத்தமாக வாங்கியதும் சேர்ந்தே விலையை இறக்கின.

சொந்தப் பணத்தில் என்ன செய்யலாம் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. எய்ட்ஸால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்காக 2009இல் மாநில அரசு 5 கோடி ரூபாய் வைப்புநிதியுடன் ஓர் அறக்கட்டளை அமைத்தது. அதன் வட்டி, படிப்புக்கும் சத்துணவுக்கும் போகிறது. தொடங்கிய தொகை சிறிது; ஆனால் வாஷிங்டனில் ஒருவர் கையெழுத்திட்டு அதை நிறுத்த முடியாது.

அடுத்த கட்டத் திட்டத்தில் களப்பணியாளரின் ஊதியத்தை மருந்துக்கு நிகரான நிரந்தரச் செலவாக எழுத வேண்டும். தமிழ்நாடு, கேரள எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கங்கள் வாளையாறு, குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டுக்கு ஒரே பொறுப்பாளர் குழுவை அமைத்து, யார் எந்தப் பக்கம் இருந்தாலும் அருகிலுள்ள மையத்தில் மாத்திரை வாங்கும் முறையை நிலைப்படுத்த வேண்டும். இதற்கு எந்த நாட்டின் பணமும் வேண்டியதில்லை.