சித்திர சிற்பக் கல்லூரிகளும் அவற்றின் பிரமாணங்களும்

அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் வைத்தியர் 1850-இல் சென்னையில் தம் சொந்த முயற்சியால் தொடங்கி, சில ஆண்டுகளுக்குள் அரசாங்கத்தின் பராமரிப்புக்கு வந்துவிட்ட சித்திரப் பள்ளி, கல்கத்தா, பம்பாய்ப் பள்ளிகளுக்கும் மூத்தது. ஓவியர்களை உண்டாக்குவதைவிட நல்ல தொழிலாளரை உண்டாக்குவதே அதன் முதல் நோக்கமாக இருந்தது. ஆகவே மண்பாண்டமும் மரவேலையும் உலோகவேலையும் அங்கே சித்திரத்துக்குச் சமமான ஆசனத்தில் அமர்ந்திருந்தன. பொறியியலாளர் ஆல்பிரட் சாட்டர்டன் 1898-இல் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கியதும் அந்தப் பள்ளியின் பட்டறையில்தான் என்பது, அப்பாத்திரங்களை நித்தியம் அடுப்பிலேற்றும் நம் வீட்டுப் பெண்மணிகளில் எத்தனை பேருக்குத் தெரியுமோ!

1929-இல் அதன் முதல் இந்தியத் தலைவராக வந்த தேவிபிரசாத் ராய் சௌதுரி, தாம் வடித்த, மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலையைப் பார்த்தவர் எவரும் ஊகிக்கக் கூடியதுபோல, மனித உடலின் தசையையும் எலும்பையும் பிரத்தியட்சமாகக் கற்பதையே பிரமாணமாகக் கொண்டார். 1957-இல் அவர் பீடத்தில் அமர்ந்த கே. சி. எஸ். பணிக்கரோ, கோட்டின் வலிமையிலும் நாட்டு மரபின் குறியீடுகளிலும் மாணவர் கவனத்தைத் திருப்பினார். 1966-இல் அவர் முன்னின்று அமைத்த சோழமண்டலக் கலைஞர் கிராமத்துக்கு நிலம் வாங்க, மெழுகிட்டுச் சாயமேற்றிய பாத்திக் துணிகள் விற்ற பணம் உதவியது.

மாமல்லபுரத்தில் 1957-இல் எழுந்த சிற்பக் கல்லூரியின் வழி முற்றிலும் வேறு. அங்கே மாணவன் உளியைத் தொடுமுன், உருவத்தின் அளவுகளை வகுக்கும் தாளப் பிரமாணத்தைக் கோடிட்டுப் பழக வேண்டும். உத்தம தசதாளம் என்றால் உருவத்தின் உயரம் 124 அங்குலம், நவதாளமென்றால் 108. அந்த அங்குலமும் அடிக்கோலின் அங்குலமன்று, அந்த உருவத்துக்கே உரிய பங்கீடு. இது சுதந்திரத்தைக் கட்டிப்போடும் என்பாருண்டு. அளவே அறியாதவன் எதை மீறப் போகிறான் என்பதே என் கேள்வி.

1919-இல் பிறந்த சாந்திநிகேதனத்துக் கலாபவனம், நந்தலால் போஸின் கீழ், இயற்கையையும் கிராமத்துக் கைவினையையும் ஆசிரியர்களாக்கியது. பரோடாக் கலைப் பள்ளியில் கலை வரலாறும் பயிற்சியும் கைகோத்தன. அகமதாபாத்தில் 1961-இல் தொடங்கிய வடிவமைப்பு நிலையத்துக்கு வித்திட்டதோ, அமெரிக்க வடிவமைப்பாளர்களான ஈம்ஸ் தம்பதியர் 1958-இல் அளித்த அறிக்கை. அதில் அவர்கள் நம் நாட்டுச் செம்பை எடுத்துக்கொண்டு, அதன் வடிவம் கைக்கு அடங்குவதையும், நிறைந்தபோதும் குறைந்தபோதும் அது கனம் நிற்கும் விதத்தையும், நீர் சரியும் ஒழுங்கையும் ஆராய்ந்திருக்கிறார்கள். நாள்தோறும் நாம் துலக்கும் பொருள் வடிவமைப்புக்கே உதாரணமாயிற்று!

பள்ளிக்குப் பள்ளி பிரமாணம் மாறினாலும், பட்டறையைத் தள்ளிவைத்த பள்ளி எதுவும் இவற்றுள் இல்லை. ஆகையால், பிள்ளையைச் சித்திரக் கல்லூரியில் சேர்க்க எண்ணும் பெற்றோர்கள், சுவரில் மாட்டியிருக்கும் படங்களைப் பார்த்து மயங்குமுன், அங்குள்ள பட்டறைக்குள் ஒருமுறை நுழைந்து பார்த்துவிட்டு வரவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.